எழுபது கிலோ

மீஞ்சூர்
12.6.2024

அங்காளம்மாள் அக்காவுக்கு,

பிரபாகரன் எழுதுவது. ஏழு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை.

நேற்று டயாலிசிஸ் முடித்து வீட்டுக்கு வந்ததும் தேவி சொன்னாள், நீங்கள் சென்னைக்குப் போய் ஆஸ்பத்திரியில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தீர்களாம். என் இரண்டு கிட்னியும் போன விஷயத்தைப் பழவேற்காடு பஜாரில் உங்களைத் தேடி வந்து சொன்னது அவள்தானாம். நான் அவளை அனுப்பவில்லை. என் மனைவிதான் என்றாலும் அவள் செய்தது தப்பு. அதை அவளிடமே சொல்லிவிட்டேன்.

ரத்தம் பொருந்துகிறது என்கிறார்கள். பொருந்தட்டும். எனக்கு வேண்டாம். துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன் என்பதற்காகக் கூட்டம் போட்டு என்னை ஊரை விட்டுத் தள்ளிவைத்தபோது உங்களையும் எழுப்பிக் கேட்டார்கள். "எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இல்லாத தம்பிக்கு எதற்குக் கிட்னி?

போனில் சொல்லியிருப்பேன். இரண்டு தடவை நம்பரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

வாரத்துக்கு மூன்று நாள் மெஷினோடு படுக்கிறேன், நாலு நாலு மணி நேரம். பழகிவிட்டது. வருத்தமோ பயமோ இல்லை. அதனால் நீங்களும் எதையும் சுமக்க வேண்டாம்.

பிரபாகரன்


வேலாங்குப்பம்
20.6.2024

பிரபா,

லெட்டர் வந்துச்சு. இன்னா புதுசா நீங்க நாங்கன்னு? சண்டை போடறதுன்னா நீன்னே போடு.

நான் உனக்கோசரம் போவல. தேவி என் மீன் கூடைக்கு முன்னாடி குந்திக்கினு அழுதா. வாங்க வந்தவங்க எல்லாம் பாத்துக்கினு நின்னாங்க. அவளை எழுப்பணும்னா ஏதாச்சும் சொல்லணும். டெஸ்டுக்கு வரேன்னு சொன்னேன். சொன்னதால போனேன். பஸ்ஸுல போகறப்போ பயமா இருக்கும்னு பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஊசி குத்தினப்பகூட வேற யார் கையையோ பாக்கற மாதிரிதான் இருந்துச்சு.

கூட்டத்துல சொன்னது சொன்னதுதான். நீ வேலைக்குப் போன அந்த மாசம், துறைமுகம் வேணாம்னு ஊரே ரோட்டுல குந்தியிருந்துச்சு. என் வீட்டுக்காரரும் ஒம்போது நாள் வெயில்ல கெடந்தாரு. அவங்க மூஞ்சிய பாத்துக்கினு நான் வேற இன்னா சொல்லியிருக்கணும்ன்ற?

இப்போ விஷயத்துக்கு வரேன். டாக்டரம்மா என்னை மெஷின் மேல ஏத்தினாங்க. எண்பத்தி மூணு கிலோ. உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். "சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. ஆனா இந்த எடையோட ஒரு கிட்னிய எடுத்தா பின்னாடி உங்களுக்கே ஆபத்து. எழுபதுக்கு வாங்க, அப்புறம் பேசலாம்"னாங்க. ஆறு மாசம் டைம் குடுத்துகிறாங்க.

எழுபதுல நான் எப்போ இருந்தேன்னு யோசிச்சா, காவியா வயித்துல இருந்தப்போ. அதுக்கு இப்போ இருபத்தி மூணு வயசு. உங்க மீஞ்சூர்ல இருக்கற கம்பெனிக்குத்தான் டெய்லி வந்து போவுது. இனிமே லெட்டரை அதுங்கிட்டயே குடு. தபால்காரன் இந்த ஊருக்கு நெனச்சா வரான்.

நீ வேணாம்னா வேணாம்னு சொல்லிக்கோ. நான் எடைய கொறைக்கப் போறேன். என் உடம்பு இது, உன்னை கேக்க வேண்டியது இல்ல.

அங்காளம்மாள்


மீஞ்சூர்
5.7.2024

அக்கா,

காவியா வந்தாள். ஏழு வருடத்துக்கு முன்னால் பார்த்த பெண், கதவைத் திறந்ததும் யாரோ என்று நினைத்தேன். "மாமா" என்றாள். உட்காரச் சொன்னேன். உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் கையில் ஊசி போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் முடிவில் மாற்றம் இல்லை. உனக்குப் பிடிவாதம் என்றால் உடம்பைக் குறைத்துக்கொள், அது உனக்கே நல்லது.

ஒன்று கேட்கிறேன். கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும். அங்கே என்ன சமைத்தாய் என்று எழுது. இங்கே தேவி காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கிறாள். உப்பு பாதிக்கும் குறைவு. கருவாடு கூடாது, இளநீர் கூடாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், காபியும் ரசமும் அதில் அடக்கம். எதை வாயில் வைத்தாலும் ஈரத் துணியைக் கடிப்பது போல இருக்கிறது. பசி என்று ஒன்று வருவதும் இல்லை. படித்தாலாவது ஏதாவது தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரபாகரன்


வேலாங்குப்பம்
24.7.2024

பிரபா,

சமைச்சத எழுதுன்னா இன்னா எழுதுறது, நான் இன்னா டிவியிலயா சமைக்கறேன்? சரி, கேட்டதுக்கு எழுதறேன்.

நேத்து புளிச்சகீரையும் இறாலும். நைனாவுக்குப் புடிக்கும்னு வாரத்துக்கு ஒரு தபா நம்ம வீட்டுல செய்வோமே, அதான். இறாலை உரிச்சு, மஞ்சளும் உப்பும் போட்டு, அதோட தண்ணி சுண்டற வரைக்கும் வெறும் சட்டியில வதக்கணும். கீரையை தனியா எண்ணெயில குழைய விடணும். பூண்டு நெறைய, காஞ்ச மொளகாய் நாலு. ரெண்டையும் சேத்து, எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கற வரைக்கும் கிளறணும்.

அந்த எண்ணெய்தான் இப்போ பிரச்சனை. ஆஸ்பத்திரியில சாப்பாட்டுக் கணக்கு சொல்ற பொண்ணு, ஒரு நாளைக்கு மூணு ஸ்பூன் எண்ணெய்னு எழுதிக் குடுத்துச்சு. நான் தாளிக்கறதுக்கே ஒரு கரண்டி ஊத்தறவ. "நான் அவ்ளோ ஒண்ணும் சாப்புடறது இல்லம்மா"ன்னேன். அது சிரிச்சுது. வீட்டுக்கு வந்ததும் காவியா ஒரு நாள் லீவு போட்டு, நோட்டு வெச்சுக்கினு என் பின்னாடியே சுத்துச்சு. உப்பு பாக்க ரெண்டு வாய். முறுகிச்சான்னு பாக்க ஒரு துண்டு வறுவல், அப்புறம் இன்னொண்ணு. உன் மாமா தட்டுல மிச்சம் வெச்ச சோறு. எல்லாரும் சாப்பிட்ட பிற்பாடு சட்டியில ஒட்டிக்கினு இருக்கற மசாலாவுல ரெண்டு கை சோத்தை போட்டு பிசைஞ்சு ஒரு உருண்டை. நைட்டு காவியா படிச்சுக் காமிச்சுது. நான் தட்டு வெச்சு குந்திச் சாப்புடறது கொஞ்சம்தான். நின்னுக்கினு துன்றதுதான் இந்த உடம்பு.

சமைக்கறத விட முடியாது பிரபா. அதை விட்டா இந்த வீட்டுல எனக்கு இன்னா வேலை இருக்குது? அதனால குழம்பை விடல. வறுவலை ஞாயித்துக் கெழமைக்கு மட்டும் வெச்சுக்கினேன். சமைச்சு எறக்கினதும் முதல்ல நான் தட்டுல ஒரு கப் சோறு, ரெண்டு கரண்டி குழம்பு, மீன், கீரைன்னு போட்டுக்கினு குந்தி சாப்புட்டுடறேன். அப்புறம்தான் மத்தவங்களுக்கு. வயிறு ரொம்பின பிற்பாடு சட்டியை பாத்தா வெறும் சட்டியாதான் தெரியுது. உடனே தண்ணி ஊத்திடறேன். மாமா மொத நாள் பாத்துட்டு, "புருஷன் வர்றதுக்கு முன்னாடி துன்ற பொம்பளைய இப்பதான் பாக்கறேன்"னாரு. அதோட பேச்சு நின்னுச்சு. எனக்கு ஆபரேஷன் பண்றது அவருக்குப் புடிக்கல. "இல்லன்னு சொன்னவனுக்கு அறுத்துக் குடுக்கப் போறியா"ன்னு அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா கேட்டாரு.

தினம் முக்கால் மணி நேரம் வேகமா நடக்கணும். காவியா ஷூ வாங்கியாந்துச்சு. மணல்ல நடந்தா முட்டி வலிக்குது. ரோட்டுல போனா, "அங்காளு, எந்த பஸ்ஸை புடிக்க ஓடற?"ன்றாங்க. அதனால ஏரியில எறங்கிட்டேன். முட்டி அளவு தண்ணியில பொம்பளைங்க கையால எறா தடவறாங்க இல்ல, அவங்களுக்கு அந்தாண்ட போய் கரையோரமாவே நடக்கறேன். தண்ணி இழுக்கறதுல தொடையெல்லாம் நோவுது. முட்டி நோவல. மொத வாரம் சிரிச்சாங்க. இப்போ யாரும் பாக்கறது இல்ல.

எழுபத்தி ஒம்போதரை.

அங்காளம்மாள்


மீஞ்சூர்
18.8.2024

அக்கா,

உன் கடிதத்தை டயாலிசிஸ் படுக்கையில் வைத்துப் படித்தேன். பக்கத்துப் படுக்கை அந்தோணிசாமி எளாவூர்க்காரர், மூன்று வருடமாக வருகிறார். "இன்னா தம்பி, அந்த லெட்டரையே பாத்துக்கினு இருக்கீங்க?" என்றார். புளிச்சகீரை இறாலைப் படித்துக் காட்டினேன். அந்த வரிசையில் ஆறு பேர். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். எண்ணெய் பிரிந்து நிற்கும் இடம் வந்ததும் ஒருவர், "அத இன்னொரு தபா படிங்க" என்றார். முடித்ததும் அந்தோணிசாமி, "அடுத்த லெட்டர்ல நண்டு எழுதச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. ருசி நினைவுக்கு வரவில்லை. நைனா தட்டைச் சாய்த்து விரலால் வழிப்பது மட்டும் தெரிந்தது. அவர் செத்தபோது தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் தோன்றவில்லை.

இதை ஏன் செய்கிறாய் என்று இன்னொரு தடவை கேட்கிறேன். தேவிக்கு வாக்குக் கொடுத்ததால் என்று எழுதாதே.

பிரபாகரன்


மீஞ்சூர்
21.9.2024

அக்கா,

ஒரு மாதமாக உன் பதில் இல்லை. இன்று காவியா வந்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அழுதுவிட்டுப் போனாள். ஐந்து நாள் வெறும் மோர் குடித்துக்கொண்டு மீன் ஏலத்துக்குப் போனாயாம். ஏலக் கூடத்தில் எல்லார் முன்னாலும் சுருண்டு விழுந்தாயாம். மாமா தூக்கிக்கொண்டு ஓடினாராம். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்களாம்.

உனக்கு அறிவு இருக்கிறதா? எடை நின்றுபோனால் சாப்பாட்டுக் கணக்குச் சொல்லும் அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்க வேண்டியதுதானே? இந்த வீட்டில் சாப்பிட முடியாமல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். சாப்பிட முடிந்தவள் நீ. உன் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, உன் நாக்கில் உப்பு உறைக்கிறது. அதை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாயா?

கேள். இதுவரைக்கும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மாற்றிச் சொல்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, எழுபதுக்கு வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். பட்டினியால் வந்தால் வாங்க மாட்டேன். ஆபரேஷன் மேஜையிலேயே எழுந்து வந்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டாய் என்று காவியா எனக்கு எழுதி அனுப்ப வேண்டும். சொல்லிவிட்டேன்.

பிரபா


வேலாங்குப்பம்
29.9.2024

பிரபா,

திட்டினது போதும். டாக்டரம்மா உனக்கு மேல திட்டினாங்க. பட்டினி கெடந்தா கொழுப்பு போறதுக்கு முன்னாடி சதை கரையுமாம், கிட்னிக்கும் கெடுதலாம். டைம் வேணும்னா இன்னும் ஒரு மாசம் தரேன், இந்த வேலை வேணாம்னாங்க.

எழுபத்தி ஆறுல மூணு வாரம் நின்னுச்சு. எதை பண்ணாலும் முள்ளு நகரல. அதான் சாப்பாட்டையே நிறுத்திப் பாத்தேன். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், காவியாகிட்ட சொல்லாத. அந்த அஞ்சு நாளும் கஷ்டமா இல்ல. நல்லா இருந்துச்சு. எல்லாருக்கும் சமைச்சு போட்டுட்டு, எனக்கு எதுவுமே வேணாம்னு குந்தியிருக்கறப்போ தலைக்குள்ள சத்தமே இல்ல. அப்படியே இருந்துடலாம் போல இருந்துச்சு. கீழ வுழுந்து கண்ண தொறந்தப்போ உன் மாமா மூஞ்சி தெரிஞ்சுது. அந்த மனுஷன் மூஞ்சியில அப்படி ஒரு பயத்த நான் பாத்தது இல்ல. அதுக்கப்புறம்தான் பட்டினிய விட்டேன்.

ஏன்னு கேட்டியே. தெரியல பிரபா. பாசம்னு எழுதலாம், எழுதினா பொய்யாயிடும். உன் மேல இருந்த கோவமும் தீந்துபோச்சு, வேற எதுவும் அந்த எடத்துக்கு வரல. காலையில எழுந்தா ஏரியில நடக்கணும்ன்றது மட்டும் தெரியுது. எழுபதுன்ற நம்பர் தெரியுது. இப்போதைக்கு அது போதும்.

அந்தோணிசாமிக்கு நண்டு. நல்லா சதை புடிச்ச நண்டா பாத்து நாலா ஒடைச்சு, மொளகும் சீரகமும் வறுத்து அரைச்சு, தேங்கா இல்லாம வெச்சேன். தேங்கா போட்டாதான் ருசின்னு இத்தினி வருஷமா நெனச்சுக்கினு இருந்தேன். இல்ல. பூண்டும் மொளகும் ஒழுங்கா இருந்தா நண்டு தானே இனிக்குது. ரெண்டு நண்டு துன்னேன், ஒரு கப் சோறு. குந்திதான்.

அங்காளம்மாள்


மீஞ்சூர்
15.12.2024

அக்கா,

மழையில் நீ நடக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் சுற்றி வந்ததை எல்லாம் காவியா எழுதிக்கொண்டே இருந்தாள். எழுபது என்று அவள் போட்ட மெசேஜைத் தேவி என்னிடம் காட்டினாள். ஆனாலும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரி கமிட்டி விசாரணைக்கு வந்தபோது உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன் வரிசையில் யாரோ ஒரு பெண் என்று நினைத்தேன். நீ திரும்பினாய். கழுத்து எலும்பு தெரிந்தது. முகத்தில் நைனாவின் தாடை வந்திருந்தது.

மூன்று நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாய். பேச வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்த நீ நிற்காமல் போய்விட்டாய். உள்ளே என்ன கேட்டார்கள்?

பிரபா


வேலாங்குப்பம்
22.12.2024

பிரபா,

நாலு பேர் குந்தியிருந்தாங்க. யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களான்னு கேட்டாங்க. அவன் வேணாம்னுதான் சொன்னான், கட்டாயப்படுத்தலன்னேன். கண்ணாடி போட்ட அம்மா நம்ம பழைய ரேஷன் கார்டை கையில வெச்சுக்கினு, "இது உங்க கூடப் பொறந்தவரா?"ன்னு கேட்டாங்க. "ஆமா"ன்னேன். "வாயால முழுசா சொல்லுங்கம்மா, நாங்க பதிவு பண்ணணும்"னாங்க.

"பிரபாகரன் என் தம்பி. என் கூடப் பொறந்த தம்பி"ன்னேன்.

அந்தம்மா எழுதிக்கினாங்க. அவங்களுக்கு அது ஒரு வரி. எனக்கு அப்படி இல்ல. அதான் வெளிய வந்து நிக்காம போய்ட்டேன். நின்னிருந்தா உன் முன்னாடி தரையிலயே குந்தியிருப்பேன். ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு டீ சொன்னேன், சர்க்கரை போட்டு. ஆறு மாசத்துல அதான் மொத தபா. குடிச்சிட்டு பஸ் ஏறிட்டேன்.

அங்காளம்மாள்


ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
24.1.2025

அக்கா,

நீ இரண்டாவது மாடியில் இருக்கிறாய். என்னை வெளியே விட மாட்டேன் என்கிறார்கள். இந்தச் சீட்டை நர்ஸ் ஜெபசெல்வி கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள்.

வேலை செய்கிறது. ஆபரேஷன் மேஜையிலேயே மூத்திரம் வர ஆரம்பித்துவிட்டதாம். டாக்டர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். தேவி அழுதாள். நான் எல்லாரையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், யாருக்கோ நடந்த நல்ல காரியம் மாதிரி இருந்தது.

உனக்கு வலி எப்படி?

பிரபா


வேலாங்குப்பம்
13.2.2025

பிரபா,

சீட்டு வந்துச்சு. கையில ஊசி இருந்ததால அப்போ பதில் எழுத முடியல. இருமினா மட்டும் வலிக்குது, மத்தபடி ஒண்ணும் இல்ல.

வீட்டுக்கு வந்து பதிமூணு நாள் ஆச்சு. ஒண்ணரை மாசத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது, அடுப்பாண்ட குனியக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எடை அறுபத்தி எட்டு. காவியா லீவு முடிஞ்சு திங்கக்கெழமை வேலைக்குப் போயிடுச்சு. அன்னைக்கு உன் மாமா ஏரிக்குப் போவல. வலையை மடிச்சு வெச்சுட்டு உள்ள வந்தாரு. "மடவை மீன் இருக்குது, குழம்பு வெக்கட்டா?"ன்னாரு. ஜூலையில நின்ன பேச்சு அவ்ளோ நாள் கழிச்சு அப்படித்தான் ஆரம்பிச்சுது.

நான் நாற்காலியில குந்திக்கினு சொல்லிக்கினே வந்தேன்.

"புளி எவ்ளோ?"

"எலுமிச்சம்பழம் அளவு."

"சின்ன எலுமிச்சம்பழமா, பெரிய எலுமிச்சம்பழமா?"

"எலுமிச்சம்பழம்யா."

"அதாம்மே கேக்கறேன், எது?"

நாற்பது நிமிஷம் ஆச்சு. மீனை திருப்பித் திருப்பி கிளறி ஒடைச்சுட்டாரு. உப்பு ஜாஸ்தி, புளி பத்தல. ஒரு தட்டுல சோறு போட்டு, முள்ளு இல்லாத துண்டா தேடிப் பொறுக்கி வெச்சு, எங்கிட்ட குடுத்தாரு. கரண்டிய கையில புடிச்சுக்கினு, நான் துன்றத பாத்துக்கினு நின்னாரு.

ஒரு வாய் வெச்சேன் பிரபா. அவ்ளோதான். கண்ணுல இருந்து தண்ணி வந்துச்சு. காரம்னு நெனச்சேன். காரம் இல்ல. நிக்கல. வாயில சோத்தை வெச்சுக்கினே அழுதேன். தையல் போட்ட எடத்தை கையால அமுக்கிக்கினு அழுதேன். உன் மாமா பயந்துட்டாரு. "அவ்ளோ கேவலமாவா கீது?"ன்னு கேட்டாரு. இல்லன்னு தலைய ஆட்டினேன். நைனா செத்தப்போ எனக்கு அழுகை வரல, உனக்குத் தெரியுமா? ஊரே அழுதுச்சு, நான் வந்தவங்களுக்கு சோறாக்கிக்கினு இருந்தேன். நீ தெருமுனையில நிக்கறத பாத்தேன். பாத்துட்டு உள்ள போயி ரசத்தை எறக்கினேன். அதெல்லாம் இப்போ வந்துச்சு. உள்ளூர் பொம்பளைங்க ரெண்டு பேர் வாசல்ல வந்து இன்னா ஏதுன்னு கேட்டாங்க. மாமா, "ஒண்ணும் இல்ல, போங்க"ன்னு கதவை சாத்திட்டாரு. எவ்ளோ நேரம்னு தெரியல.

அப்புறம் மூஞ்சி கழுவிக்கினு வந்தேன். சோறு ஆறிப்போயிருந்துச்சு. சாப்புட்டேன்.

உன்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டு, மூணு மாசத்துக்குக் கூட்டத்துல போவக் கூடாது, சளி புடிச்சவங்க கிட்ட நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாமே. நீ இங்க வர வேணாம். நான் வரேன். மாமாவும் வரேன்னாரு. ஞாயித்துக் கெழமை காலையில பஸ் ஏறி, பொன்னேரியில மாறி வருவோம். தேவிகிட்ட எங்களுக்குன்னு எதுவும் சமைக்க வேணாம்னு சொல்லு, இருக்கறது போதும்.

பேசறதுக்கு ஒண்ணும் இல்ல. உன்னைப் பாக்கணும் போல இருக்குது.

அக்கா